வாத்தியாரைத் தேடி மலையேறி வரும் கட்சிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் ஒன்றியத்தில் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் சரி, மாவட்டம், ஒன்றியம், கிளை என்று பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊருக்கு இரண்டு கார்கள் ஏறி வந்தன. ஒன்று செவ்வாய்க்கிழமை, இன்னொன்று அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. கொடி வேறு வேறு. நின்றது மட்டும் ஒரே வீட்டு வாசலில், எங்கள் வாத்தியார் வீட்டில். இரண்டு தடவையும் நான் அங்கே இருந்தேன். முதல் தடவை மிளகு பறிக்கிற மூங்கில் ஏணியை இரவல் வாங்கப் போயிருந்தேன், இரண்டாவது தடவை அதைத் திருப்பிக் கொடுக்க. ஆகையால் இது யாரோ சொல்லிக் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை.

இரண்டு காரிலும் சால்வை வந்தது. இரண்டிலும் பழப்பை வந்தது. தாண்டிக்குடிப் பக்கம் இருக்கிற ஒரு வீட்டுக்கு, பின்னால் ஆரஞ்சு மரம் நிற்கிற வீட்டுக்கு, வத்தலக்குண்டில் வாங்கிய ஆரஞ்சு! சரி, மரியாதைக்குக் கொண்டுவந்தது, குறை சொல்லக்கூடாது. பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். "சார், இந்த முறை ஒன்றியக் கவுன்சிலருக்கு நீங்க நிக்கணும். உங்க முகத்துக்கே ஓட்டு விழும். செலவைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம்."

வாத்தியார் கேட்டது ஒரே கேள்வி. "கீழேருந்து வர்றதுக்கு இ-பாஸ் எடுத்தீங்களா?"

2024 மே மாதத்திலிருந்து கோர்ட்டு உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வருகிற வெளி வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஜோக் அடிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

அந்த இடத்தில்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் தேடி வந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியவில்லை. நான் அவரிடம் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவர் ஊராட்சித் தலைவராக இருந்த 5 வருடமும் அதே ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள். அடியும் வாங்கியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் எழுதவில்லை. அவருக்குப் பிடிக்காது. வந்து போன உங்களுக்குத் தெரியும், அது போதும்.

அவர் 1985-ல் எங்கள் ஊர் ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்தார். உள்ளூர்க்காரர். மலைச் சுழற்சியில் கீழேயிருந்து வந்து, முறை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிப்போன சார்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களையும் தப்பு சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டி வத்தலக்குண்டிலும் நிலக்கோட்டையிலும் இருக்கும்போது இங்கே மழையில் அட்டைக்கடி பட்டுக்கொண்டு யார் இருப்பார்கள்? இவருக்கு இறங்கிப்போக ஊர் இல்லை. அதனால் 33 வருடம் இருந்தார். அவ்வளவுதான். அதைத் தியாகம் கியாகம் என்று மேடையில் பேசிவிடாதீர்கள், எழுந்து போய்விடுவார்.

காப்பிப் பழம் பழுக்கிற நவம்பரிலிருந்து ஜனவரி வரை பள்ளிக்கூடம் பாதி காலியாகிவிடும். அப்பா அம்மா தோட்டத்துக்குப் போனால் பிள்ளையும் கூடப் போகும். பெரிய கை எட்டாத கீழ்க்கிளைப் பழத்தைப் பறிக்கச் சின்னக் கை வேண்டுமே. 1990 வாக்கில் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். நானும் என் தங்கையும் ஆளுக்கு ஒரு கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருக்கிறோம். காப்பிச் செடிகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் வருகைப் பதிவேடு. தோட்டத்துக்காரர் முன்னாலேயே பேரைக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்றோம், கூடையோடு. அங்கேயே உட்காரவைத்து, ஒரு கூடைக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன கூலி, ரெண்டு பேருக்கும் சேர்த்து இன்றைக்கு எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார். சாயங்காலம் கூலி வாங்கும்போது நான் அந்தக் கணக்கைச் சொன்னேன். தோட்டத்துக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வாரம் எங்களுக்குக் கூலி ஒழுங்காக வந்தது. அடுத்த வாரம் "சின்னப் பிள்ளைகள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அம்மா வாத்தியாரைத் திட்டிய திட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆனால் நாங்கள் பள்ளிக்கூடம் திரும்பினோம்.

பதிவேட்டோடு அவரிடம் இன்னொரு நோட்டும் இருக்கும். நீளவாக்கில், கட்டை அட்டை போட்ட நோட்டு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது, ஏன் நின்றது, யார் வீட்டுக்குப் பட்டா இல்லை, யாருக்கு ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போயிருக்கிறது, யாருக்குக் கண் தெரியவில்லை என்று வீட்டுக்கு ஒரு பக்கம். பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருடா வருடம் வீடுவீடாகப் போகவேண்டும் என்பது எல்லா ஆசிரியருக்கும் உள்ள வேலைதான். மற்றவர்கள் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவர் படிவத்தில் இடம் இல்லாததை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இனி அரசியலுக்கு வருகிறேன். நீங்கள் நினைப்பதுபோல் அவருக்குத் திடீரென்று ஆசை வரவில்லை. ஆசை இருந்தாலும் வேலையில் இருந்தவரை முடியாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ன்படி சர்க்கார் வாத்தியார் கட்சியிலும் சேரக்கூடாது, தேர்தலிலும் நிற்கக்கூடாது. தேர்தல் என்றால் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து விரலில் மை வைக்கத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் மேலவை என்று ஒன்று இருந்ததே, அதில் 12-ல் ஒரு பங்கு இடம் ஆசிரியர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. 1986-ல் அதையும் கலைத்தாயிற்று. 2010-ல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் வந்தது, 2011-ல் ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது. ஒரு வேடிக்கை, அந்த ஓட்டு உயர்நிலைப் பள்ளியிலும் அதற்கு மேலேயும் பாடம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த எங்கள் வாத்தியார்போல உள்ளவர்களுக்கு அதிலும் இடம் இல்லை. வாத்தியார் சமூகத்திலிருந்து அரசியலுக்குப் போய்ப் பெரிய பேர் எடுத்தவர்கள் கல்லூரிக்காரர்கள். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த க. அன்பழகன் நிதியமைச்சர் ஆன பிறகும் "பேராசிரியர்"தான். ஆரம்பப் பள்ளி வாத்தியார் மட்டும் எங்கே போனாலும் "வாத்தியார்"தான்.

2018-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அப்போது எங்கள் ஊராட்சியில் தலைவர் இல்லை. 2016 அக்டோபரில் பழைய பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடக்காமல், தனி அலுவலர் பொறுப்பில் ஊர் கிடந்த காலம் அது. மேல்நிலைத் தொட்டியில் வால்வு உடைந்து, பாதித் தண்ணீர் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. தனி அலுவலருக்கு எங்கள் ஊர் மட்டுமா, எத்தனையோ ஊர். வாத்தியார் மனு எழுதிக்கொண்டு கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுவார். மனுவை வாங்கி முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். திரும்பி வருவார். அடுத்த மாதம் மறுபடி. இப்படிப் பதினோரு தடவை. பதினோரு ரசீதும் நோட்டில் ஒட்டியிருக்கிறது. கடைசியில் வால்வைச் சொந்தக் காசில் வாங்கி மாட்டிவிட்டார். ஆனால் அந்தக் கோபம் அடங்கவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் அறிவித்ததும் தலைவர் பதவிக்கு வேட்புமனு போட்டார்.

உங்களுக்கு நினைவிருக்கும், ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அவருக்குப் பூட்டு சாவி. காப்பிப் பறிப்பு நேரம், ஆள் யாரும் வீட்டில் இல்லை, பகலில் பிரச்சாரம் செய்ய வழியில்லை. ராத்திரி டார்ச்சோடு வந்தார். ஓட்டு கேட்டதைவிட, ஓட்டுப்போடக் கற்றுக்கொடுத்ததுதான் அதிகம். ஊரகத் தேர்தலில் ஆளுக்கு 4 ஓட்டு, 4 நிறத்தில் சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். கலர் பேப்பரை வெட்டிவைத்து, மை அடுத்த பக்கம் ஒட்டாமல் எப்படி மடிப்பது என்று எங்கள் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். பாட்டி மடித்ததைப் பிரித்துப் பார்த்து, "தப்பு, இன்னொரு தடவை" என்றார். பாட்டி அவருக்குத்தான் ஓட்டுப்போட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். நூறுக்குள் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பதவியேற்றது 2020 ஜனவரி 6. முதல் கூட்டத்துக்கு ஐந்து பெண் உறுப்பினர்கள் போனோம். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் ஐந்து பேரோடும் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வந்து, நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார்கள். நாங்கள் சுவர் ஓரமாக நின்றோம். வாத்தியார் தீர்மானப் புத்தகத்தைத் திறக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெற்றோர் கூட்டம் இன்னிக்கு இல்லையேப்பா" என்றார்.

என் வீட்டுக்காரர் உட்பட அதில் மூன்று பேர் அவரிடம் படித்தவர்கள். எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அந்த ஐந்து வருடமும் திண்ணையைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை. இதே வேலையை வேறு யாராவது செய்திருந்தால் அன்றைக்கே அடிதடி ஆகியிருக்கும். அடித்த கைக்குத்தான் அந்த உரிமை உண்டு. சரியா தப்பா என்று இப்போது எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாற்காலி கிடைத்தது.

இரண்டே மாதத்தில் கொரோனா. திருப்பூர் கம்பெனிகளிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கிடைத்த வண்டியில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளை எங்கே வேலை செய்கிறது என்ற கணக்கு அரசாங்கத்தில் யாரிடமும் இல்லை. நோட்டில் இருந்தது. யார் இன்னும் வரவில்லை என்றுகூட அதைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. அது பேப்பரில் வரவில்லை. எங்கள் ஊராட்சியில் பளியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் இல்லை. அது இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புக்கு மேல் விடுதி, உதவித்தொகை எல்லாமே இழுபறி. மற்ற சான்றிதழ்போல் அதைத் தாசில்தாரிடம் வாங்க முடியாது, கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பாவுக்கு இருந்தால் ஏன் பிள்ளை அலைகிறது? வாத்தியார் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிப் போனார். 1985-லிருந்து பளியர் பிள்ளைகளைச் சேர்க்கும்போதெல்லாம் சாதிக் கட்டத்தில் இவரே கைப்பட, எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார். அன்றைக்குச் சேர்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு அப்பாக்கள். அந்தப் பக்கங்களுக்குத் தலைமையாசிரியரிடம் சான்றிட்ட நகல் வாங்கி, ஒவ்வொரு மனுவோடும் வைத்து, பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் கிடைத்தது. கட்சிக்காரர் ஒருவர் ஒரு போன் போட்டால் முடிகிற வேலை என்று நீங்கள் சொல்லலாம். போட்டிருக்கலாமே, அத்தனை வருடம்.

தண்ணீர்க் குழாய் விஷயத்திலும் இப்படித்தான். குழாய் போகவேண்டிய வழியில் காடு. வனத்துறை விடாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். வாத்தியார் 2006-ம் வருடத்து வன உரிமைச் சட்டத்தை வாங்கி, கேரம் போர்டு விளையாடுகிற பையன்களையும் கூட்டிவைத்துப் படித்தார். பிரிவு 3(2). பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை மாதிரி காரியங்களுக்கு ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராம சபை பரிந்துரைத்தால் காட்டு நிலத்தை விடலாம் என்று அதில் இருக்கிறது. அதை அப்படியே தீர்மானத்தில் எழுதினார். எங்களைப் போல 500-க்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கிராம சபையில் குறைந்தது 100 பேர் உட்கார வேண்டும். பல ஊரில் கையெழுத்தை வீட்டுக்கு வீடு போய் வாங்கிக்கொள்வது உங்களுக்குத் தெரியாததா? இவர் பேர் கூப்பிட்டு வருகை எடுத்தார். 93 பேர்தான் வந்திருந்தார்கள். மீதி ஏழு பேர் வரும்வரை கூட்டத்தை ஆரம்பிக்கவில்லை. டீக்கடையிலிருந்து ஆள் பிடித்து வந்தோம்.

குழாய் வந்தது. அதே பிரிவைக் காட்டி எழுதிய சாலை வரவில்லை. இங்கேதான் அவருடைய கோளாறையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடும்.

ஒழுங்காக எழுதிய மனுவுக்கு ஒழுங்கான பதில் வரும் என்று நம்புகிறவர் அவர். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தால் வாத்தியார் திருத்தித் தருவார் இல்லையா, அதே மாதிரி. சாலைக்கு எழுதினார், காத்திருந்தார், நினைவூட்டு எழுதினார், மறுபடி காத்திருந்தார். மந்திரி பழனிக்கு வந்த அன்று பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை மறிக்கலாம் என்று நான் சொன்னேன். "அது முறை இல்லம்மா" என்றார். நாங்கள் இப்போது பழனி சட்டமன்றத் தொகுதி. மலையே அந்தத் தொகுதிக்கு வால். வால் ஆடினால்தானே உடம்புக்குத் தெரியும்? அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் மண் வழியில் இன்றைக்கும் மழை நேரத்தில் பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் தூக்குகிறோம். அதில் பாதித் தப்பு அவருடைய "முறை"யில் இருக்கிறது. இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு கிராம சபையில் ஒருவர் வீடு கேட்டு மனு கொடுத்தார். காட்டு வேலை செய்கிறவர், நாலாவதோடு நின்றவர், இவரிடமே படித்தவர். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு மை. ஓய்வு பெற்றும் அந்தப் பேனாவை விடவில்லை. மனுவை வாங்கிய கையோடு, கூட்டத்துக்கு முன்னாலேயே, "வீடு வேன்டி" என்று இருந்ததை வட்டம் போட்டுத் திருத்தினார். றகர, ரகரத்தையும் திருத்தினார். முழுவதும் பழக்கதோஷம், மனசில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஆள் இல்லை. அப்புறம் அந்த 5 வருடத்தில் ஒரு கிராம சபைக்கும் அவர் வரவில்லை. வீட்டுக்குப் பேர் சேர்த்துக் கொடுத்தோம், வீடு வந்தது, கட்டினார். புதுமனைக்கு ஊர் முழுக்கச் சொன்னவர் தலைவருக்குச் சொல்லவில்லை. வாத்தியார் அன்றைக்கு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தில் தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். "பிழை என்னுடையது." அதையும் சிவப்பு மையில்தான் எழுதியிருக்கிறார்.

துணைத்தலைவர் கதை உங்களுக்கே தெரியும். ஊராட்சி செக்கில் தலைவர், துணைத்தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், துணைத்தலைவர் கையெழுத்து நாலு மாதம் வரவில்லை. எதற்காக என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தொட்டி ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் சம்பளம் நின்றது. அந்த நாலு மாதமும் வாத்தியார் பென்ஷனிலிருந்து அவர்களுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார். கணக்கில் எழுதவில்லை. தணிக்கையில் கேள்வி வரும் என்று பயம்.

2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் இல்லை, மறுபடி தனி அலுவலர். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பொறுப்பு ஒப்படைக்கிற மாதிரியே பட்டியல் எழுதினார். நாற்காலி 14, அதில் கால் ஆடுவது 2. மோட்டார் ரிப்பேர் சாமான் ஒரு பெட்டி. தெருவிளக்கு பல்பு 9. கடைசியில், நீள நோட்டு 1. ஊராட்சிச் செயலர் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "சார், இது சர்க்கார் சொத்து இல்லையே, இதுக்கு இருப்புப் பதிவேட்டுல கட்டமே இல்ல" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இப்போது உங்கள் விஷயம். ஒன்றியக் கவுன்சிலர் என்றால் கட்சிச் சின்னம். ஜெயித்த கவுன்சிலர்கள் ஓட்டுப்போட்டுத்தான் ஒன்றியக் குழுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். போன தடவை அந்த மறைமுகத் தேர்தல் 2020 ஜனவரி 11-ல் நடந்தது. அதற்கு முந்தைய சில நாள் தமிழ்நாடு முழுக்கக் கவுன்சிலர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கெங்கோ தங்கவைத்த கதையெல்லாம் ஊரே சிரித்த கதை. உங்களுக்கு அந்த ஒரு நாளைக்கு ஒரு கை வேண்டும். அதற்கு மரியாதையான ஒரு வெள்ளைச் சட்டை வேண்டும். அதனால்தான் மலையேறி வந்தீர்கள். நான் இதை வருத்தமாகச் சொல்லவில்லை, உங்கள் தொழில் அது. ஆனால் இந்தக் கையைத் தூக்கு என்றால் தூக்காது. "தீர்மானம் என்ன, முதலில் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்கும். படித்துக் காட்டினால் ஒற்றுப்பிழையையும் சொல்லும். விடுதியில் தங்கவைத்தால் சாப்பாட்டுச் செலவை யார் கொடுக்கிறார்கள், ரசீது எங்கே என்று கேட்கும். வண்டியில் நான்கு பேருக்கு மேல் ஏற்றினால் ஏற மாட்டார். உங்களுக்குக் கட்டுபடியாகுமா, யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டுபடியாகும் என்றால் நான் தடுக்கப் போவதில்லை. 65 வயது தாண்டிவிட்டது, மூட்டு வலி, ஆனாலும் அவர் நின்றால் நான் டார்ச்சோடு முன்னால் நடப்பேன். கேட்கிறது ஒன்றே ஒன்று. அவரைக் கூட்டிக்கொண்டு போவதானால் நோட்டையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படியுங்கள். அந்த டோலி வழி எத்தனாவது பக்கத்தில் இருக்கிறது, அதற்காக எழுதிய கடிதங்களுக்கு எங்கே பதில் நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். போன் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். அவருக்கு மனு எழுதத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் வருமா வராதா என்று நீங்களே சொல்லுங்கள். முகத்தை மட்டும் போஸ்டருக்குக் கேட்டால், அது எங்களுக்கு உள்ளூரிலேயே தேவைப்படுகிறது.

இரண்டு காரில் வந்தவர்களும் என்னை வீட்டுப் பெண் என்று நினைத்து, "அம்மா, சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்றார்கள். காப்பி நான்தான் போட்டேன், கம்மியாகவே போட்டேன். முன்னாள் வார்டு உறுப்பினர் என்று வாத்தியார் சொன்ன பிறகு ஒருவர் எழுந்து கும்பிட்டார். இன்னொருவர், "அப்படியா, வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார். கேட்டவர் யார் என்று எழுதவில்லை. அவருக்கே தெரியும்.

போகும்போது இரண்டு தரப்பும் பதில் கேட்டீர்கள். வாத்தியார் இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "எதுக்கு என்னைக் கூப்பிடுறீங்க, நான் வந்தா ஊருக்கு என்ன செய்வீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

மாதம் ஒன்றாகிறது. இன்னும் யாரும் எழுதித் தரவில்லை. பயப்படாமல் எழுதுங்கள். சிவப்புப் பேனாவை அவர் இப்போது அடுத்தவர் மனுவில் வைப்பதில்லை.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
கீழ்ப்பழனி மலை

பி.கு: செவ்வாய்க்கிழமை வந்த சால்வை நல்ல கனம். அங்கன்வாடியில் தொட்டில் கட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை சால்வை கொஞ்சம் வழுக்குகிறது, தொட்டிலுக்கு ஆகவில்லை.